லாஸ் வேகஸில் ஒரு சீட்டுப் பள்ளிக்கூடம்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகஸுக்குச் சாலை வழியாகப் போனால் ஏறக்குறைய 435 கிலோமீட்டர். பார்ஸ்டோ என்ற ஊரைத் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் மொஹாவே பாலைவனம்தான். நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மலைகள்கூடத் தீயில் வெந்து சாம்பல் பூத்த நிறத்தில் நிற்கும். இப்படிப்பட்ட சாலையில் இளையராஜாவைப் போடாமல் எவனாவது பாடம் கேட்டுக்கொண்டு வருவானா? என் அக்கா பையன் அப்படித்தான் வந்தான். கார் ஸ்பீக்கரில் ஓர் அமெரிக்கக் குரல், பட்டனில் இருப்பவர் ரெய்ஸ் செய்கிறார், பிக் பிளைண்டில் இருப்பவர் கால் செய்கிறார் என்று விடாமல் ஓதிக்கொண்டே வந்தது.

"என்னடா இது, கிரிக்கெட் கமென்ட்ரியா?"

"போக்கர் ட்ரெய்னிங் வீடியோ மாமா. வண்டி ஓட்டுறப்ப படம் பார்க்க முடியாதுல்ல, அதான் சத்தத்தை மட்டும் விட்டிருக்கேன்."

பையனுக்கு அர்வைன் நகரத்தில் மென்பொருள் வேலை. வார இறுதிகளில் நண்பன் வீட்டு கராஜில் சில்லறைக் காசு வைத்துப் போக்கர் ஆடுகிறவன். மாதச் சந்தா கட்டி வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தீர்த்திருக்கிறான். நிஜமான சூதாட்ட விடுதியில், முன்பின் தெரியாதவர்களோடு, நாள் கணக்கில் உட்கார்ந்து ஆடுவது இதுதான் முதல் தடவை. நான் போனது பாலைவனம் பார்க்க. கூடவே, திரையில் படித்த சீட்டு மேசையில் எந்த அளவுக்கு எடுபடுகிறது என்று வேடிக்கை பார்க்கவும்தான்.

நம் ஊரில் ரம்மி தெரிந்தவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே பெரும்பாலும் ஆடுவது டெக்ஸாஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தை வைத்து வெற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டை வீசிவிட்டு விலகலாம். எதிராளிகள் எல்லோரையும் விலக வைத்துவிட்டால், கையில் குப்பை இருந்தாலும் பணம் உங்களுடையது. ரம்மியிலிருந்து இதைப் பிரிக்கும் இடம் அதுதான்.

பேக்கர் என்ற சிற்றூரில் நிறுத்தினோம். அங்கே 134 அடி உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர் நிற்கிறது. பக்கத்து டெத் வேலியில் 1913-இல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டை நினைவூட்ட அத்தனை அடி. அதன் நிழலில் நின்றுகொண்டு பையன் லேப்டாப்பைத் திறந்தான். திரையில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டம். மொத்தம் 169 பெட்டி. ஹோல்டெமில் முதல் இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். ஆட்டீன், ஸ்பேடு என்று ஜாதியில் மட்டும் வேறுபட்டு ஒரே மதிப்புள்ளவற்றைச் சேர்த்துவிட்டால் 169 வகையில் அடங்கிவிடும். எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பெட்டியை ஆடலாம், எதை வீச வேண்டும் என்று சிவப்பும் பச்சையும் நீலமுமாக நிறம் பூசியிருந்தது.

"இதெல்லாம் யாருடா கண்டுபிடிச்சது?"

"சால்வர்னு ஒரு சாஃப்ட்வேர் மாமா. ரெண்டு பேரும் தப்பே பண்ணாம ஆடினா எப்படி ஆடுவாங்கன்னு கணக்குப் போட்டுச் சொல்லிடும்."

2015-இல் பயோசால்வர் என்ற மென்பொருள் விற்பனைக்கு வந்தபின் போக்கர் படிப்பின் முகமே மாறிவிட்டது. அதற்கு முன் 2005-இல் தொடங்கிய கார்ட்ரன்னர்ஸ், 2012-இல் ஃபில் கால்ஃபாண்ட் தொடங்கிய ரன் இட் ஒன்ஸ் போன்ற பயிற்சித் தளங்களில், கெட்டிக்கார ஆட்டக்காரர் ஒருவர் தான் ஆடுவதைப் பதிவு செய்து, ஏன் அப்படி ஆடினேன் என்று விளக்கிச் சொல்வார். இப்போது ஆசிரியர் இடத்தில் கணினி வந்துவிட்டது. மனிதர் அதற்கு உரை சொல்கிறார்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் கதை சுவாரசியமானது. வேகஸ் போய்ச் சேர்ந்த மாலை, பளபளக்கும் ஸ்ட்ரிப் சாலையை விட்டுப் பழைய நகரத்து ஃப்ரீமான்ட் தெருவுக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்த பிறகு வளர்ந்த தெரு அது. அங்கேதான் பென்னி பினியனின் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதி இருந்தது. வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற போட்டித் தொடர் 1970-இல் அங்கே தொடங்கியது. முதல் ஆண்டு சாம்பியனான ஜானி மாஸைச் சக ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்! அந்தக் காலத்தில் போக்கர் கற்க ஒரே வழி பணத்தை இழப்பது. டாயில் பிரன்சன் 1970களின் இறுதியில் தன் வித்தையெல்லாம் சேர்த்து ஒரு தடித்த புத்தகமாகப் போட்டபோது, தொழில் ரகசியத்தை விற்றுவிட்டார் என்று சக ஆட்டக்காரர்கள் கோபப்பட்டார்கள்.

ஆனால் புத்தகத்தால் செய்ய முடியாததை ஒரு சின்ன கேமரா செய்தது. போலந்தில் பிறந்து, நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பி அமெரிக்கா வந்து, பொம்மைத் தொழிலில் பெயர் வாங்கிய ஹென்றி ஓரன்ஸ்டீன் என்பவர், மேசையின் கீழே கேமரா வைத்துக் கவிழ்ந்த சீட்டைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் ஏற்பாட்டுக்கு 1995-இல் காப்புரிமை வாங்கினார். கவிழ்ந்த சீட்டு தெரியாதவரை தொலைக்காட்சியில் போக்கர் என்பது நாலு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சிதான். தெரிந்துவிட்டால் ஒவ்வொரு கையும் ஒரு பாடம். இன்றைய பயிற்சி வீடியோ எல்லாவற்றுக்கும் மூத்த தாத்தா அந்தக் கேமராவே. 2003-இல் டென்னசியைச் சேர்ந்த கிரிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் 86 டாலர் கட்டி இடம் பிடித்து, 839 பேரைக் கொண்ட வேர்ல்டு சீரிஸ் முதன்மைப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் எடுத்துப் போனார். பெயரே மணிமேக்கர், கதாசிரியர் யாராவது வைத்திருந்தால் நம்பியிருக்க மாட்டோம். மூன்றே ஆண்டில் அந்தப் போட்டிக்கு வந்தவர்கள் 8,773 பேர். பிறகு 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய இணையப் போக்கர் நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டு அவற்றின் தளங்களை முடக்கியது. இணையத்தில் கற்ற ஒரு தலைமுறை, நிஜ மேசையைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான்.

மறுநாள் காலை பையன் ஒரு போக்கர் அறையில் பெயர் கொடுத்தான். எந்த விடுதி என்பது வேண்டாம். ஒன்றுக்கு மூன்று டாலர் மேசை, அதாவது அந்த அறையில் இருப்பதிலேயே சின்ன பந்தயம். வேகஸில் பல விடுதிகளில் ஊழியர்களின் பெயர்ப் பட்டையில் சொந்த ஊரும் எழுதியிருக்கும். எங்கள் மேசையில் சீட்டுப் போட்ட அம்மாளின் பட்டையில் மணிலா. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தொப்பி போட்ட ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்கு வந்த இரண்டு இளைஞர்கள், காபியைத் தவிர எதையும் தொடாத ஒரு சீன மூதாட்டி. நான் கயிற்றுத் தடுப்புக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டேன்.

முதல் அடி வந்தது சீட்டால் அல்ல, சிப்பால். பையனுக்கு இரண்டு ராஜா. எதிரே ஒருவர் 10 டாலர் ஏற்றியிருந்தார். இவன் அதை 35 ஆக்க நினைத்து, ஒரு கறுப்பு 100 டாலர் சிப்பை எடுத்துப் போட்டான். வாயைத் திறந்து சொல்லவில்லை. மணிலா அம்மாள் சிப்பைப் பார்த்து "கால்" என்றார். விதி அப்படி: தொகையைச் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பைப் போட்டால், முன்னால் இருக்கும் பந்தயத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. மிச்சம் 90 டாலர் திரும்பி வந்தது. சல்லிசாக வழி கிடைத்ததால் பின்னால் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். நடுச்சீட்டில் ஏஸ் விழுந்தது. பந்தயம் பறந்தது. ராஜா இரண்டும் குப்பைக்குப் போயின.

பையன் என் பக்கம் திரும்பி, "மாமா, வாயால சொல்லணுமாம்" என்று முனகினான். உடனே அந்த அம்மாள், மரியாதையாகத்தான், "இங்கிலீஷ் ஒன்லி, ப்ளீஸ்" என்றார். அமெரிக்க மேசைகளில் ஆட்டம் நடக்கும்போது ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும்; இருவர் தங்கள் மொழியில் பேசி வைத்துக்கொண்டு மூன்றாமவரை ஏமாற்றக் கூடாது என்பதற்காக. நியாயமான விதிதான்.

இப்படிப் பல சங்கதிகள் வீடியோவில் வருவதே இல்லை. இணைய ஆட்டத்தில் நடுவில் எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது என்று திரையே காட்டும். இங்கே கூட்டிக்கொண்டே வர வேண்டும். எதிராளியிடம் எவ்வளவு மிச்சம் என்பதை இருபது இருபதாக அடுக்கிய சிப்பைக் கண்ணால் அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். சிப்பை இரண்டு தவணையாகத் தள்ளினால் இரண்டாவது செல்லாது. முறை வருமுன் சீட்டை வீசினால் முறைப்பார்கள். வென்றால் சீட்டுப் போடுகிறவருக்கு ஒரு டாலராவது கொடுப்பது வழக்கம். எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவன் மறுநாளே கோயம்பேடு சந்தைக்குள் வண்டியை விட்டதுபோல இருந்தது பையன் நிலைமை. வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் குறுக்கே வருகிறவன் கையைக் காட்டிவிட்டு வருவான் என்று நம்பக் கூடாது என்பது தெரியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் பிற்பகலில் வந்தது. தொப்பிப் பெரியவர் மணிக்கணக்கில் ஒரு கையும் ஆடாமல் சீட்டை வீசிக்கொண்டே இருந்தார். கடைசியில் பையனோடு ஒரு கையில் மோதினார். ஐந்தாவது சீட்டு விழுந்ததும் பையன் பந்தயம் கட்டினான்; பெரியவர் பெரிதாக ஏற்றினார். பையனிடம் இரண்டு ஜோடி. யோசித்து யோசித்துப் பணத்தைப் போட்டான். பெரியவர் மூன்று ஏழு காட்டினார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வெளியே வந்தபோது கேட்டேன், "அந்த மனுஷன் சும்மா ஏத்துவாரா? எனக்கே தெரிஞ்சுதே."

"கணக்குப்படி நான் விலகக் கூடாது மாமா. எப்பவும் விலகிட்டே இருந்தா அவங்க வெறுங்கையோட மிரட்டியே ஜெயிச்சிடுவாங்க. பாதிக்குக் கிட்ட நிக்கணும்."

கணக்கு தப்பில்லை. நடுவில் 100 இருக்க எதிராளி 100 கட்டினால், பாதிக் கைகளோடாவது நாம் நின்றாக வேண்டும் என்பது சால்வர் பாடம். ஆனால் அந்தப் பாடம், எதிரில் இருப்பவர் சரியான அளவுக்குப் பொய் சொல்கிறவர் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஒன்றுக்கு மூன்று மேசைக்கு வருகிற ஓய்வூதியக்காரர் கடைசிச் சீட்டில் ஏற்றினால் கையில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். அதேபோல அந்தக் கொண்டாட்ட இளைஞர்களை மிரட்டி விலக வைக்கவும் முடியாது. ஆட வந்தவர்கள், கடைசிச் சீட்டைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். அவர்களிடம், நமக்கு நல்ல சீட்டு வந்தபோது நிறையக் கட்டுவதும், வராதபோது சும்மா இருப்பதும்தான் வித்தை. இதைச் சொல்லித் தருகிற வீடியோக்களும் உண்டு. பார்ட் ஹான்சனின் க்ரஷ் லைவ் போக்கர் போன்றவை நேரடி மேசைக்கென்றே உருவானவை. பையன் அவற்றைப் பார்க்கவில்லை. கோடீஸ்வரப் பந்தய வீடியோக்களில் இருக்கும் கவர்ச்சி, பெரியவர் ஏற்றினால் விலகு என்று சொல்லும் வீடியோவில் எங்கே இருக்கும்?

நான் கவனித்த முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. இணையத்தில் ஒரு மேசையில் மணிக்கு அறுபது, எழுபது கை ஓடும். கெட்டிக்காரர்கள் நாலு மேசையை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருப்பார்கள். நேரில் மணிக்கு இருபத்தைந்து முப்பதுதான். இரண்டு ஏஸ் வருவது 221 கைக்கு ஒருமுறை. அப்படியென்றால் ஏழெட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பெரும்பாலான கைகளை வீசத்தான் வேண்டும். மிச்ச நேரத்தில் என்ன செய்வது? அந்த அறையில் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையனும் சீட்டை வீசியதும் காதில் இயர்போன் ஒன்றைச் செருகிக்கொண்டு, மடியில் கைப்பேசியை வைத்து, போக்கர் வீடியோ பார்த்தான்!

அவன் தலை குனிந்திருந்த நேரத்தில் எதிர் வரிசைக் கண்ணாடிக்காரர் ஒரு பெரிய கையை வென்று, சீட்டைத் திருப்பிக் காட்டினார். வெறும் மிரட்டல். மேசையே சிரித்தது. பையன் நிமிரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அதே ஆள் அதே மாதிரி பையனை மிரட்ட, பையன் நல்ல ஜோடியை வைத்துக்கொண்டு விலகிவிட்டான். திரைக்குள் யாரோ ஒருவர் வேறு யாரையோ எப்படிப் படிப்பது என்று விளக்கிக்கொண்டிருக்க, இவன் எதிரிலேயே ஓர் ஆள் தன்னை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். மைக் கேரோ என்பவர் 1984-இல் முகக்குறி, கைநடுக்கம் எல்லாவற்றையும் படம் பிடித்துப் புத்தகமே போட்டார். அதையெல்லாம் பார்ப்பதற்கு முதலில் நிமிர்ந்து உட்கார வேண்டுமே.

இரவில் அறையில் ரசம் சாதப் பொட்டலத்தை மைக்ரோவேவில் சுடவைத்தபடி இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவனே ஒரு நோட்டை எடுத்தான். கண்ணாடிக்காரர், பெரியவர், மூதாட்டி என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்ததை எழுதினான். பெரும்பாலான இடத்தில் எழுத ஒன்றும் இல்லை. அதன் பிறகு வீடியோ பார்க்கும் விதத்தையும் மாற்றினான். முடிவெடுக்க வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தி, நான் என்ன செய்வேன், ஏன் என்று நோட்டில் எழுதுவான். பிறகுதான் ஆசிரியர் சொல்வதைக் கேட்பான். அன்று மேசையில் திகைத்த ஒரு கையை எடுத்துக்கொண்டு அதற்கு மட்டும் விடை தேடுவான். இருபது நிமிட வீடியோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. காரில் நாலு மணி நேரம் ஒலித்த பாடத்தைவிட இது பிரயோஜனமாக இருந்தது என்பது என் அபிப்பிராயம். அடுத்த நாளிலிருந்து மேசையில் கைப்பேசி பைக்குள் போனது. தொப்பிப் பெரியவர் மறுபடி ஏற்றியபோது, இரண்டு ஜோடியையும் சிரித்துக்கொண்டே வீசினான்.

கிளம்பும் முன் ஸ்ட்ரிப்பில் இருக்கும் ஹார்ஸ்ஷூவுக்குள்ளும் போய்ப் பார்த்தோம். பினியனின் பழைய பெயரைத் தாங்கி நிற்கும் வேறு கட்டடம். 2022 முதல் வேர்ல்டு சீரிஸ் அங்கேயும் பக்கத்து பாரிஸ் விடுதியிலும் நடக்கிறது. முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 2024-இல் 10,112 பேர் ஆடினார்கள். வென்ற ஜோனதன் டமாயோ ஒரு கோடி டாலர் பெற்றார். இறுதி மேசையில் கைகளுக்கு இடையே அவர் தன் நண்பர்கள் பக்கம் போவதும், அங்கே ஒரு லேப்டாப் திறந்திருந்ததும் கேமராவில் பதிவாகி, உலகெங்கும் சண்டையானது. டமாயோவின் பட்டம் பறிபோகவில்லை. ஆனால் படிப்பு எங்கே முடிகிறது, உதவி எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை. என் கட்சி எளிது: மேசைக்கு வருமுன் என்ன வேண்டுமானாலும் படிக்கட்டும், உட்கார்ந்தபின் தலைக்குள் இருப்பது மட்டும் போதும்.

பையன் ஜெயித்தானா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். கொஞ்சம் நஷ்டத்தோடுதான் திரும்பினான். அதை வைத்து வீடியோ வீண் என்றோ, அவன் தேறவில்லை என்றோ சொல்ல முடியாது. ஒரு வாரம் முழுக்க நேரில் ஆடுகிறவன் பார்க்கும் கைகளை, நாலு மேசை திறந்த இணையக்காரன் ஒரு பிற்பகலில் பார்த்துவிடுவான். அத்தனை குறைந்த கையில் அதிர்ஷ்டமே பெரிதாகத் தெரியும். போதாததற்கு, ஒவ்வொரு கையிலிருந்தும் விடுதி தன் பங்காக ஒரு வெட்டு எடுத்துக்கொள்கிறது. பல அறைகளில் அது பத்து சதவீதம், சில டாலர் உச்சவரம்போடு. எதிராளிகளை ஜெயித்தால் போதாது, அந்த வெட்டையும் சேர்த்து ஜெயிக்க வேண்டும். எவ்வளவு படித்தாலும் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் இழக்கத்தான் செய்கிறார்கள்.

இங்கே இந்தியாவில் வீட்டிலிருந்தபடி இணையத்தில் ஆடிப் பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்கு: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமை ஆட்டம் என்ற விலக்கு இல்லாமல், நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. வேகஸ் போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். 21 வயது ஆகாதவர்களை ஆட விட மாட்டார்கள். வீடியோ பார்ப்பதானால் சின்ன பந்தய நேரடி மேசைக்கென்று செய்ததைத் தேடி, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, ஊரிலேயே பார்த்து முடித்துவிடுங்கள். போனால் திரும்பி வராது என்று மனதார ஒதுக்கிய தொகையைத் தாண்டி ஒரு டாலரும் மேசைக்குக் கொண்டு போகாதீர்கள்.